குன்றின் மேல் கோல் கம்பம்

இங்கிலாந்தில் கால்பந்து பார்க்கப் போகிறேன் என்றால் ஊரில் எல்லோரும் ஓல்ட் டிராஃபோர்டா, ஆன்ஃபீல்டா என்று கேட்பார்கள். நீங்கள் நெயில்ஸ்வொர்த் என்று சொல்லிப் பாருங்கள். "எங்கே?" என்று இரண்டாம் முறை கேட்பார்கள். மூன்றாம் முறை பேச்சை மாற்றிவிடுவார்கள். நிம்மதியாகக் கிளம்பலாம்.

வெளியூர் ரசிகருக்கு முதல் தகுதி, தோற்கிற அணி ஒன்று சொந்தமாக இருப்பது. எனக்கு சட்டன் யுனைடெட் இருக்கிறது. லண்டனின் தெற்கு ஓரம், மஞ்சளும் சாக்லேட்டும் கலந்த சட்டை. 2024-இல் லீக் டூவிலிருந்து கீழே தள்ளப்பட்டவை இரண்டே அணிகள்: ஒன்று நாங்கள், இன்னொன்று நெயில்ஸ்வொர்த்தின் ஃபாரஸ்ட் கிரீன் ரோவர்ஸ். ஒரே வகுப்பில் ஒன்றாக ஃபெயிலானவர்களுக்குள் ஒரு பாசம் இருக்குமே, அதுதான் எங்களுக்குள்ளும். அவர்களாவது முந்தின ஆண்டும் லீக் ஒன்னில் ஃபெயிலாகித்தான் லீக் டூவுக்கு வந்திருந்தார்கள். அனுபவசாலிகள்.

துணைக்கு ஒருவரை அழைத்துப் போவது நல்லது. நான் டூட்டிங்கில் இருக்கும் ஒரு யாழ்ப்பாணத்து அண்ணனை அழைத்துப் போனேன். போவதற்கு முன்பே சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுங்கள். நான் ரயில் ஏறிய பிறகு சொன்னேன். அது தப்பு.

"அண்ணே, அந்த கிரவுண்டுல கறி கிடையாது."

"இறைச்சி இல்லையோ? பரவாயில்லைத் தம்பி. முட்டை?"

"முட்டையும் இல்ல. பாலும் இல்ல. உலகத்துலயே முதல் வீகன் கிளப்."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரெடிங் தாண்டும்வரை பேசவில்லை.

பாடிங்டனிலிருந்து ஸ்ட்ரவுடுக்கு நேர் ரயில் உண்டு, ஒன்றரை மணி நேரம். நடைமேடையில் ஓடிப்போய்த் தொற்றி ஏறவேண்டாம். பள்ளிப் புத்தகத்தில் 'லெஷர்' என்ற ஆங்கிலக் கவிதை படித்திருப்பீர்கள். அதை எழுதிய டபிள்யூ. எச். டேவிஸ் கனடாவில் ஓடும் ரயிலில் ஏறப்போய் ஒரு காலை இழந்தவர். கடைசிக் காலத்தில் வந்து தங்கி, 1940-இல் இறந்தது இதே நெயில்ஸ்வொர்த்தில். கவிதையில் அவசரமே வேண்டாம் என்றவருக்கே அந்தக் கதி.

ஸ்ட்ரவுடில் இறங்கி இன்னும் நான்கைந்து மைல். பள்ளத்தாக்கு நெடுகப் பழைய கம்பளித் துணி ஆலைகள் தெரியும். பிரிட்டிஷ் சிப்பாய்களின் சிவப்புக் கோட்டுக்குத் துணி நெய்த ஊர்கள் இவை. கட்டபொம்மன் கதையில் பார்த்த கோட்டு எங்கிருந்து வந்திருக்கும் என்று அண்ணனிடம் ஆர்வமாகச் சொன்னேன். அவர் பசியோடு இருந்தார். பசியோடு இருப்பவரிடம் வரலாறு பேசாதீர்கள்.

அடுத்து ஏற்றம். குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் இருப்பான் என்பார்கள். இந்தக் குன்றின் மேல் இருப்பது கோல் கம்பம். 'குன்றின் மேல் சின்னக் கிளப்' என்பதே இவர்களுடைய செல்லப்பெயர். ஆகவே இதைப் பழனிப் பயணமாக நினைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். கறி இல்லை, மலை ஏறவேண்டும், ஏறியபின் கூட்டத்தோடு கூச்சல் போடவேண்டும். என்ன, விரதம் பழனியைவிடக் கடுமை. பஞ்சாமிர்தத்தில் நெய்யும் தேனும் உண்டல்லவா? வீகன் கணக்கில் இரண்டுமே தள்ளுபடி. பழனியாண்டவர் பிரசாதமே இங்கே கடைக்கு வரமுடியாது.

அடிவாரத்தில் அண்ணன் ஜாக்கெட்டின் உள்பையிலிருந்து ஒரு ஃபாயில் பொட்டலத்தை எடுத்தார். மட்டன் ரோல்ஸ், ஆறு. "மேலை கொண்டுபோனா அவைக்கு மரியாதை இல்லைத் தம்பி, இஞ்சையே முடிப்பம்" என்றார். கொள்கை மேல் அவருக்கிருந்த மதிப்பால் ஆறில் நான்கை அவரே முடித்தார். நெஞ்சில் நான்கு ரோல்ஸோடு அந்தச் சரிவில் ஏறுவது எப்படி என்பதற்கு என்னிடம் யோசனை எதுவும் இல்லை. பாதி வழியில் ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற கோலத்தைப் பார்த்து, நாயோடு வந்த கிழவி ஒருத்தி ஆம்புலன்ஸ் வேண்டுமா என்று கேட்டாள்.

மைதானம் இருக்கும் தெருவின் பெயரையே தமிழில் சொன்னால் 'இன்னொரு வழி' என்று வரும். வேறு வழி இருந்தால் நாங்களும் அதில் வந்திருப்போம். உள்ளே 5,000 பேருக்குச் சற்று அதிகமாக இடம் உண்டு. ஊரின் மக்கள்தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். கைக்குழந்தை முதல் தாத்தா வரை ஊரே திரண்டு வந்தாலும் பெரும்பாலும் அடங்கிவிடும். இப்படிப்பட்ட ஊர் 2017-இல் வெம்ப்ளியில் டிரான்மியரை 3–1 என்று வென்று லீக் டூவுக்குள் நுழைந்தது. அந்த லீக்கில் ஆடிய அணிகளின் ஊர்களில் இவ்வளவு சின்ன ஊர் அதுவரை இல்லை.

இதெல்லாம் டேல் வின்ஸ் வந்த பிறகு நடந்தது. வேனிலேயே ஊர் ஊராக வாழ்ந்து திரிந்து, பிறகு பக்கத்துக் குன்றில் ஒரு காற்றாலையை நட்டு, மின்சார வியாபாரத்தில் பணம் பார்த்தவர். 2010-இல் கிளப்பைக் கையில் எடுத்ததும் முதலில் ஆட்டக்காரர்களின் தட்டிலிருந்து ஆட்டு, மாட்டுக் கறியைத் தூக்கினார். 2015-க்குள் மைதானம் முழுக்க வீகன். கூரையில் சூரியத் தகடு. புல்லுக்கு ரசாயன உரமும் இல்லை, பூச்சிமருந்தும் இல்லை. புல் வெட்ட ஆளில்லாத இயந்திரம் ஒன்று தானே ஊர்ந்து திரியும். எங்கள் ஊர்ப் பக்கம் இந்த வேலையை ஆடு செய்யும், சம்பளமும் கேட்காது. ஆனால் ஆட்டைப் பார்த்தால் அண்ணன் போன்றவர்களுக்கு வேறு யோசனை வரும். இயந்திரமே நல்லது.

சின்ன மைதானத்தில் வாயை அடக்கவேண்டும். ஐம்பதாயிரம் பேர் கத்தும் இடத்தில் நீங்கள் திட்டுவது உங்களுக்கே கேட்காது. இங்கே லெஃப்ட் பேக்கைத் திட்டினால் லெஃப்ட் பேக் திரும்பிப் பார்ப்பார். சில சமயம் பதிலும் சொல்வார். தமிழில் திட்டுங்கள், தொண்டையும் ஆறும், வம்பும் வராது. பக்கத்தில் நிற்கும் பெண்மணிக்கு ஆஃப்சைடு விளக்கும் ஆசையும் வேண்டாம். 2023 ஜூலையில் இந்தக் கிளப்பின் ஆண்கள் அணிக்கு இடைக்காலப் பொறுப்பேற்றவர் ஹன்னா டிங்லி. இங்கிலாந்தில் தொழில்முறை ஆண்கள் அணி ஒன்றுக்கு அப்படிப் பொறுப்பேற்ற முதல் பெண். இங்கே வரும் பெண்கள் உங்களுக்கு விளக்குவார்கள், தலையாட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடைவேளையில் பை சாப்பிடுவது மரபு. தோளில் மாட்டும் பை அல்ல, மாவுக்குள் கறி வைத்துச் சுடும் பை. அதில் எங்கள் கிளப்புக்கு ஒரு பூர்வகதை உண்டு. 2017 பிப்ரவரியில் ஆர்சனலோடு எஃப்.ஏ. கோப்பை ஆட்டம். மாற்று கோல்கீப்பர் வெய்ன் ஷா பெஞ்சில், கேமரா முன்னால், ஒரு பையைத் தின்றார். தின்பாரா மாட்டாரா என்று முன்பே பந்தயம் கட்டியிருந்தார்கள். அவர் கிளப்பை விட்டே விலகவேண்டியதாயிற்று. அன்று ஆர்சனல் எத்தனை கோல் போட்டது என்பது பலருக்கு மறந்துபோயிருக்கும், பை மறக்கவில்லை. அதனால் சட்டன்காரன் பை வாங்க வரிசையில் நின்றால் உள்ளூர்க்காரர்கள் சிரிப்பார்கள். கூடச் சேர்ந்து சிரித்துவிடுங்கள்.

இங்கே பையின் உள்ளே கறிக்குப் பதில் பூஞ்சையில் செய்த க்வார்ன். சூடாக இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. கறியே வேண்டாமென்ற குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு, எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் கைநீட்டி வாங்கும் சுகம் இங்கிலாந்தில் வேறெந்த மைதானத்தில் கிடைக்கும்? என் அம்மா வந்தால் இங்கேதான் அழைத்துவருவேன். ஆனால் அவரும் தேநீரில் மாட்டிக்கொள்வார்.

ஏனென்றால் நம் சைவம் பசுவைக் கும்பிட்டுப் பாலைக் கறந்துகொள்ளும் சைவம். இங்கே பசுவை விட்டுவிட்டார்கள், ஓட்ஸிலிருந்து பால் எடுக்கிறார்கள். காகிதக் கோப்பையில் அது ஈரச் சிமெண்டின் நிறத்தில் வந்தது. அண்ணன் ஒரு வாய் குடித்தார். முகத்தில் எதையும் காட்டவில்லை. கோப்பையைக் கைப்பிடிச் சுவரின் மேல் மெதுவாக வைத்துவிட்டு, மழையில் அது நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழைச்சட்டை கொண்டுபோங்கள் என்று முன்பே சொல்லியிருக்கவேண்டும்.

ஸ்கோரைக் கேட்காதீர்கள். வெளியூர் ரசிகரிடம் அதைக் கேட்பது நாகரிகமில்லை. இன்னொன்று, போவதானால் சீக்கிரம் போங்கள். முழுக்க மரத்தாலேயே புது ஸ்டேடியம் ஒன்றை ஜஹா ஹதீத் நிறுவனத்தை வைத்து வரைந்திருக்கிறார்கள். அது எழுந்துவிட்டால் இந்தக் குன்றில் மூச்சு வாங்கும் பாக்கியம் போய்விடும்.

ஆட்டம் முடிந்து கடையை மூடும் நேரத்தில் அண்ணன் திரும்ப கவுண்ட்டருக்குப் போனார். நான் பயந்துகொண்டே பின்னால் போனேன். தேநீர் கேட்டார். பையன் ஓட்ஸ் பால் பெட்டியை எடுத்தான். அண்ணன் கைகாட்டி நிறுத்தினார்.

"பால் வேண்டாம். சீனியும் வேண்டாம்."

வெறும் தேத்தண்ணி. ஆவி பறக்க வாங்கிக்கொண்டு, ரோல்ஸ் இருந்த அதே உள்பையில் கையை விட்டு, காகிதத்தில் சுற்றிய பனங்கட்டி ஒன்றை எடுத்தார். ஒரு கடி, ஒரு மிடறு.

"சின்னனிலை எங்கடை வீட்டிலை இப்பிடித்தான் தம்பி" என்றார். "அப்ப ஒருத்தரும் இதுக்குப் பேர் வைக்கேல்லை." பாதியை உடைத்து, கவுண்ட்டரில் நின்ற பையனிடமும் நீட்டினார். அவன் அதில் பால் ஏதும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டான்.