கட்டும் செட்டுமாய் ஓர் ஆலை

பராமரிப்புச் செலவைக் குறைக்கும் வித்தையைக் கற்றுக்கொள்ள நம் மேலாளர்கள் காசு கட்டி வகுப்புக்குப் போகிறார்கள். போபாலில் இருந்த யூனியன் கார்பைடு பூச்சிமருந்து ஆலையின் 1984ஆம் ஆண்டுக் கதையைப் படித்தாலே போதும். ஆள், சாமான், காசு மூன்றிலும் இவ்வளவு கட்டும் செட்டுமாய்க் குடித்தனம் நடத்திய ஆலை வேறு இருந்ததா என்பது சந்தேகமே.

ஆளிலிருந்து ஆரம்பிப்போம். மீதைல் ஐசோசயனேட் பிரிவில் ஒரு ஷிப்டுக்கு 12 பேர் இருந்தார்கள். அதை 6 ஆக்கியது நிர்வாகம். கைகள் பாதியானாலும் வால்வுகள் அப்படியே இருந்தனவே என்று கேட்பவர்களுக்கு நிர்வாகவியல் தெரியாது. இரவு ஷிப்டில் பராமரிப்புக்கென்று ஒரு சூப்பர்வைசர் இருந்தார். ஊரே தூங்கும்போது யந்திரம் மட்டும் விழித்திருந்து கெட்டுப்போகுமா என்ன? அந்தப் பதவியும் போயிற்று. தண்ணீர் விட்டுக் குழாய் கழுவும்போது, அது ரசாயன டாங்க் பக்கம் போய்விடாதபடி இணைப்பில் ஓர் இரும்புத் தகடு செருக வேண்டும். விஷவாயு கசிந்த அன்றைக்குச் செருகவில்லை. தகடாவது தேயாமல் மிச்சமாயிற்று.

சாமான் விஷயத்தில் இன்னும் கெட்டிக்காரர்கள். மீதைல் ஐசோசயனேட் என்ற ரசாயனத்தைப் பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிரில் வைக்க வேண்டும் என்பது கம்பெனியே எழுதிய கையேடு. கையேடு எழுதுகிறவரா கரண்ட் பில் கட்டுகிறார்? 1984 ஜூனில் குளிரூட்டும் யந்திரத்தை நிறுத்தினார்கள். அதிலிருந்த குளிரூட்டியையும் வடித்தெடுத்து ஆலையின் வேறு வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஒரு சொட்டு வீணில்லை! கசியும் வாயுவை எரித்துவிடும் கோபுரம் ஒன்று இருந்தது. அதற்குப் போகிற குழாயில் அரித்துப்போன துண்டைக் கழற்றியதோடு சரி, புதுத் துண்டு மாட்டவில்லை. வாயுவைக் காரத்தில் கழுவும் கருவி ஓய்வில் இருந்தது. தண்ணீர் பீய்ச்சும் ஏற்பாடு மட்டும் வேலை செய்தது. ஆனால் வாயு வெளியேறிய உயரத்துக்கு அது எட்டவில்லை. எட்டுகிற மாதிரி பம்பு வாங்கினால் செலவாகாதா?

டிசம்பர் 2ஆம் தேதி இரவு 610ஆம் எண் டாங்குக்குள் தண்ணீர் புகுந்தது. உள்ளே சுமார் 40 டன் விஷம். அது வாயுவாகி ஊருக்குள் பரவியது. தண்ணீரை ஒரு தொழிலாளிதான் வேண்டுமென்றே விட்டான் என்பது கம்பெனியின் கட்சி. இவ்வளவு பாடுபட்டுத் தயார்செய்து வைத்துவிட்டு, பெருமையை மட்டும் தொழிலாளிக்கு விட்டுக்கொடுக்கும் மனசு எந்த முதலாளிக்கு வரும்? ஆலைக்கு எதிரே ஜே.பி. நகர்க் குடிசைகளில் மூச்சு முட்டிச் செத்தவர்களைப் பராமரிப்புச் செலவில் எழுத முடியாது. அந்தத் தலைப்பு வேறு. மாநில அரசு ஒப்புக்கொண்ட சாவே 3,787.

இனி காசு. குளிரூட்டும் யந்திரத்தை நிறுத்தியதில் நாளைக்குச் சுமார் 70 டாலர் மிச்சம் என்பார்கள். 1989இல் கம்பெனி கொடுக்க ஒப்புக்கொண்ட இழப்பீடு 47 கோடி டாலர். வகுத்துப் பார்த்தேன். அந்த யந்திரத்தை இன்னும் 18,000 ஆண்டுகளுக்கு ஓடவிடாமல் வைத்திருந்தால் முதல் திரும்பிவிடும். அவசரப்பட்டு ஆலையை மூடியதுதான் தப்பு.

தண்டனையிலும் சிக்கனம் கடைப்பிடிக்கப்பட்டது. 2010இல் போபால் நீதிமன்றம் கம்பெனியின் இந்திய அதிகாரிகள் ஏழு பேருக்கு ஆளுக்கு 2 ஆண்டு சிறை விதித்தது. அன்றே ஜாமீனும் கிடைத்தது. கம்பெனியின் அமெரிக்கத் தலைவர் வாரன் ஆண்டர்சன் விசாரணைக்கு வராமலே 2014இல் காலமானார். வந்திருந்தால் போக்குவரத்துச் செலவுதானே.

ஆலைக்குள் 40 ஆண்டு கிடந்த 337 டன் நச்சுக் கழிவை 2025 ஜனவரியில் லாரிகளில் ஏற்றிப் பிதாம்பூருக்குக் கொண்டுபோனார்கள். அதற்கான 126 கோடி ரூபாயைத் தந்தது மத்திய அரசு.