அண்ணாச்சி பதில்கள்: வேஷம் யாருக்கு?

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்திலிருந்து வந்த கடிதங்கள் எல்லாம் இந்த வாரம் ஒரே விஷயத்தைச் சுற்றுகின்றன: குடும்ப நாடகம், அதற்கு ஆள் தேர்வு. நல்ல காரியம். இறங்குவோம்.

எங்கள் வாயனசாலையில் ஓணத்துக்குக் குடும்ப நாடகம் போடுகிறார்கள். நடிகர் தேர்வுக்கு எதைப் பாடமாக்கிக்கொண்டு போவது? (பாறசாலை)

ஒரு பக்க வசனம் போதும். மீதி நேரத்தில் அடுத்தவர் பேசுவதைக் கேட்டுப் பழகுங்கள். குடும்பக் கதையில் திட்டுகிறவருக்கு வசனம் உண்டு. திட்டு வாங்குகிறவருக்கு முகம் மட்டும்தான். கைதட்டல் முகத்துக்கு.

அழச் சொல்வார்களாம். எனக்குக் கண்ணீரே வராதே, அண்ணாச்சி? (அமரவிளை)

அழுகையை அடக்கிக் காட்டுங்கள். உங்களுக்குப் பதிலாக முன்வரிசை அழும்.

வாயைத் திறந்தால் பாதி தமிழ், பாதி மலையாளம். ‘வசன சுத்தம் இல்லை’ என்று தேர்விலிருந்து திருப்பி அனுப்பிவிட்டார்கள். (மாணவர், தனுவச்சபுரம்)

அனுப்பியவருக்குச் சொந்த ஊர்ச் சரித்திரம் தெரியாது. தெற்குத் திருவிதாங்கூரின் பழைய நாடகம் காக்காரிசி. அதன் பேச்சே தமிழும் மலையாளமும் பிணைந்த பேச்சு. கதையும் அசல் குடும்பக் கதை: சிவன் காக்கான் என்ற நாடோடியாக வேஷம் மாறி வருகிறார், பார்வதியும் கங்கையும் காக்காத்திகள். ஒரு வீட்டுக்காரன், இரண்டு வீட்டுக்காரிகள். சண்டைக்குக் கேட்கவா வேண்டும்!

காக்கான் தீப்பந்தத்தோடு வந்து நிற்பான். ‘நீ யார், எங்கிருந்து வருகிறாய்’ என்று தம்புரான் அதட்டுவார். அவன் அந்தக் கேள்வியையே முறுக்கித் தம்புரான் கையில் திருப்பிக் கொடுப்பான். நாடோடியின் நாக்கு முன்னால் அதிகாரம் திணறுவதைப் பார்க்கத்தான் ஊர் விடிய விடிய உட்கார்ந்தது. இந்தப் பத்திக்கும் அவன்தான் பாட்டன் என்பேன்.

அடுத்த தேர்வில் அப்பா வேஷத்தைக் கேளுங்கள். உங்கள் வீட்டில் அப்பா எப்படிப் பேசுவாரோ அப்படியே பேசுங்கள். சென்னை சினிமாத் தமிழ் பேசும் தனுவச்சபுரத்து அப்பாவை யார் நம்புவார்?

காக்காரிசிக்கும் இந்த மாதிரி ஆடிஷன் உண்டா? (பாலராமபுரம்)

மேடையேறியபின் அந்தந்த நேரத்தில் வாயில் வருவதுதான் பாதி வசனம். பதில் தடுமாறுகிறவன் தம்புரானின் முதல் கேள்வியிலேயே பெயில்.

எங்கள் குழுவில் தறவாட்டு அம்மா வேஷத்துக்கு ‘முகவெட்டு’ பார்க்கிறார்கள். கறுத்த பெண்ணுக்கு வேலைக்காரி வேஷம்தானாம். சரியா? (ஆசிரியை, உதியன்குளங்கரை)

சரியில்லை. இந்தக் கேள்விக்கு விளையாட்டுப் பதில் கிடையாது.

பி.கே. ரோசி என்ற பெயரைக் குழுவினர் எல்லாருக்கும் சொல்லிக் கொடுங்கள். திருவனந்தபுரத்துத் தலித் பெண். காக்காரிசி நாடகத்தில் பழகியவர். ஜே.சி. டேனியல் எடுத்த ‘விகதகுமாரன்’ மலையாளத்தின் முதல் திரைப்படம். காணாமல்போன மகனைப் பற்றிய குடும்பக் கதை. அதில் நாயர் பெண் சரோஜினியாக ரோசி நடித்தார். திருவனந்தபுரம் கேப்பிடல் தியேட்டரில் படம் ஓடியபோது, தாழ்ந்த சாதிக்காரி நாயர் பெண்ணாக வருவதா என்று திரைமேல் கல் எறிந்தார்கள். நடித்தவரால் அந்தக் காட்சிக்கு உள்ளே வரவும் முடியவில்லை. பிறகு ஊரைவிட்டே ஓடி, நாகர்கோவிலில் ராஜம்மாளாக வாழ்ந்து முடித்தார். மலையாள சினிமாவின் முதல் கதாநாயகி அவர்.

டேனியலும் அதன்பின் படம் எடுக்கவில்லை. பல் வைத்தியம் பார்த்து, 1975-ல் அகஸ்தீஸ்வரத்தில் காலமானார். இன்று கேரள அரசின் மிகப் பெரிய திரைப்பட விருது அவர் பெயரில்தான் இருக்கிறது. கல் எறிந்தவர்கள் பெயரில் ஒரு பெஞ்சுகூட இல்லை.

உங்கள் குழுவில் முகவெட்டு பார்க்கிறவரிடம் ஒன்று கேளுங்கள், டீச்சர்: நல்லா நடிக்கிறவரை விட்டுவிட்டு வெளுத்தவரை எடுத்தால் அது நாடகமா, பெண் பார்க்கும் சடங்கா?

மாமியார் மேடையேற விடமாட்டேன் என்கிறார். (வெள்ளறடை)

கேரளத்தில் 1948-லேயே நம்பூதிரி இல்லத்துப் பெண்கள் ‘தொழில்கேந்திரத்திலேக்கு’ என்று தாங்களே ஒரு நாடகம் எழுதி நடித்தார்கள். மறக்குடைக்குப் பின்னால் முகம் மறைத்து நடந்த குலத்துப் பெண்கள் அவர்கள். இதை மாமியாரிடம் சொல்லுங்கள். மசியவில்லையா? அவரையும் தேர்வுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். மாமியார் வேஷம் காலியாகத்தான் இருக்கும்.

கிழவி வேஷத்துக்கு ஆள் இல்லை. என்னைப் போடச் சொல்கிறார்கள். ஆம்பிளை நான் எப்படி? (இஞ்சிவிளை)

திருவனந்தபுரத்தில் 1912-ல் பிறந்த ஓர் ஆம்பிளை ஔவையார் வேஷம் போட்டார். ஊர் அவரை ஔவை டி.கே. சண்முகம் என்றே அழைத்தது. அவர் குழுவில் சிறுவனாக நடித்த கமல்ஹாசன் பிற்பாடு ‘அவ்வை சண்முகி’ என்று படத்துக்கே பெயர் வைத்தார். கூச்சத்தை விட்டுவிட்டு, உங்கள் அம்மச்சி எப்படி உட்கார்ந்து எழுந்திருக்கிறார் என்று ஒரு வாரம் பாருங்கள். சேலை கட்டுவது சுலபம். முழங்கால் வலி வருவதுதான் நடிப்பு.

தேர்வில் தேறவில்லை. டீ கொடுக்கிற பொறுப்பு தந்திருக்கிறார்கள். அவமானமாக இருக்கிறது. (களியக்காவிளை)

ஒழுகினசேரிக்காரர் என்.எஸ். கிருஷ்ணன் நாகர்கோவில் நாடகக் கொட்டகையில் சோடா விற்றவர். பிறகு அதே மேடைக்கு டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவில் நடிகராக ஏறினார். கிளாஸைக் கழுவும்போது காதை மேடைப் பக்கம் வையுங்கள். எல்லா வேஷத்தின் வசனமும் தெரிந்த ஒரே ஆள் டீக்காரர்தான். நாடகத்தன்று யாருக்காவது காய்ச்சல் வராமலா இருக்கும்?

வக்கீல் வேலை பார்க்கிறேன். நாடகம் கௌரவக் குறைச்சல் என்கிறார் மாமனார். (நெய்யாற்றின்கரை)

பம்மல் சம்பந்த முதலியார் 1891-ல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். வக்கீல், பிறகு நீதிபதி, கடைசிவரை நாடகக்காரர். 1959-ல் பத்மபூஷண் கொடுத்தார்கள். மாமனாரிடம் என்ன பூஷண் இருக்கிறது என்று மரியாதையாகக் கேளுங்கள்.

குடும்ப நாடகம் என்றால் கண்ணீரும் கல்யாணமும்தானா? வேறு மாதிரி ஏதாவது? (கொல்லங்கோடு)

என். கிருஷ்ணபிள்ளையின் ‘பக்னபவனம்’ எடுத்துப் படியுங்கள். 1940-களில் வந்தது. இப்சனை ஊன்றிப் படித்துவிட்டு, நம் ஊர் வீட்டுக் கூடத்திலேயே புயல் அடிக்க வைத்தார். வில்லன் வேண்டாம், கத்தி வேண்டாம். ஒரு வீடும் அதில் ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேசாத ஆட்களும் போதும். தோப்பில் பாசியின் ‘நிங்கள் என்னை கம்யூனிஸ்டாக்கி’ 1952-ல் ஊர் ஊராகக் கொடி பறக்கவிட்டது. அதையும் ஒரு வீட்டுக்குள்ளிருந்துதான் தொடங்கினார்கள்: பிடிவாதக்காரப் பரமுபிள்ளை, அவர் மகன் கோபாலன்.

கதையில் மாமனார் மார்த்தாண்டம், மருமகள் பாறசாலை. எல்லைப் பிரச்சினை கிளம்புமா? (குழித்துறை)

1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கும் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தன. நெய்யாற்றின்கரை கேரளப் பக்கம் நின்றது. தமிழ்ப் பக்கம் சேர்வதற்காக உயிர் கொடுத்தவர்கள் உண்டு; நாடகத்தில் அதை வசனச் சிரிப்பாக்க வேண்டாம். மற்றபடி பெண் கொடுப்பதும் எடுப்பதும் அன்றும் நிற்கவில்லை, இன்றும் நிற்கவில்லை. களியக்காவிளைச் சோதனைச் சாவடியில் சீர்வரிசைப் பலகாரத்தைத் தடுத்த போலீஸ்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

செயலாளர் மகனுக்கே எப்போதும் கதாநாயகன் வேஷம். என்ன செய்யலாம்? (பூவார்)

பபூன் வேஷத்தைக் கேட்டு வாங்குங்கள். கதாநாயகனைக் கிண்டல் செய்ய நாடக மரபே உங்களுக்கு லைசென்ஸ் கொடுத்திருக்கிறது.

நானும் வீட்டுக்காரரும் கணவன் மனைவி வேஷத்துக்கே தேர்வாகிவிட்டோம். ஏதாவது புத்திமதி? (செங்கல்)

ஒத்திகையை வாயனசாலையிலேயே முடித்துவிட்டு வாருங்கள். வீட்டில் வைத்தால் எது வசனம், எது சொந்தச் சரக்கு என்று பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. சமாதானம் பேச வந்துவிடுவார்கள்.