தண்ணிய நிறுத்துலே, மருமவனே!

எலே மருமவனே, ஒன் வீட்டு மொட்டமாடியில நிக்க காகிதப்பூவப் பாத்தேன். கீரப்பாத்தி தோத்துச்சு போ! ஆளுயரத்துக்குப் பச்சப்பசேல்னு தழைச்சு நிக்கி, பூ மட்டும் மருந்துக்கும் இல்ல. கேட்டா நீட்டி மொழக்குதே: "ரெண்டு வேளையும் தண்ணி ஊத்துதேன் மாமா, மாசம் தவறாம ஒரம் வைக்கேன், வெயில்ல வாடிரக் கூடாதுன்னு தண்ணித்தொட்டி நெழல்ல வச்சிருக்கேன். இருந்தும் பூக்கலயே!" இருந்தும் என்னலே இருந்தும்? அதனாலதான் பூக்கல.

கோவப்படாத. படிச்ச புள்ள, பாசமா வளக்கே. அந்தப் பாசந்தான் இந்தக் கொடிக்கு ஆகாது.

அடுத்த தடவ நாலுவழிச் சாலையில பஸ்ஸுல வாரப்ப, செல்போன நோண்டாம சன்னலுக்கு வெளிய பாரு. நடுத்திட்டுல அரளியும் காகிதப்பூவும் வரிசையா நிக்கும். லாரிப் பொகையக் குடிச்சு, தாரு காங்கையில வெந்து, என்னைக்காவது வாரத் தண்ணி லாரிய நம்பிப் பொழைக்குதுக. பங்குனி சித்திரையில பாத்தேன்னா எலை தெரியாமப் பூத்துக் கெடக்கும். அதுகளுக்கு யாரும் வீணை வாசிச்சுக் காட்டல. நீ ஒன் செடிக்குப் பாட்டுப் போட்ட சங்கதிய ஒன் வீட்டுக்காரி சொன்னா. நான் ஊருல ஒருத்தருட்டயும் மூச்சு விடல. டீக்கடையில மட்டுந்தான் சொன்னேன்.

ஆவ, மொத வேலையா செடி நிக்க தொட்டிய நெழல விட்டு நகத்து. ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயிலு அதோட தலையில விழணும். ஒனக்குத் தல சுத்துத வெயிலு எதுவோ, அதுதான் அதுக்கு வசதி.

ரெண்டாவது, அந்தத் தொட்டி. அது தொட்டியாலே, மாட்டுக்குக் கழனி ஊத்துத குலுதாடில்லா! ஒரு அடி அகலத் தொட்டி போதும். வேரு சுத்தி இறுகுனாத்தான் இது பூவ நெனைக்கும். எடம் கெடச்சா வேரும் எலையும் விட்டுக்கிட்டே காலத்த ஓட்டிரும். செம்மண்ணு ரெண்டு பங்கு, மணலு ஒரு பங்கு, மக்குன தொழுவொரம் ஒரு பங்கு, அவ்வளவுதான். தொட்டி மாத்தும்போது மண்ணுக்கட்டியப் புட்டுப் புட்டுப் பாக்காத. வெளிய இத்தன முள்ளக் காட்டி வெரட்டுத இதுக்கு, உள்ள இருக்க வேரு அம்புட்டும் மெல்லிசு. அத்துருச்சுன்னா சுணங்கிப் போவும்.

ஒரத்துக்கு வா. டீத்தூளு, வாழைப்பழத் தோலு, அரிசி கழுவுன தண்ணின்னு அடுப்பங்கரையில மிஞ்சுனது பூராவும் அதுக்குத்தான் போவுது போல. ஒனக்கே அம்புட்டு வகையாச் சோறு கெடைக்கான்னு எனக்குச் சந்தேகம். அது போதாதுன்னு யூரியா வேற. தழைச்சத்து ஏற ஏற எலைதாம்லே வரும். யூரியாவத் தூக்கித் தூரப் போடு. பொட்டாசும் எலும்புத்தூளும் எப்பயாவது கொஞ்சமா வையி.

தண்ணி ஊத்த முன்னால ஆட்காட்டி வெரல ரெண்டு கணு ஆழத்துக்கு மண்ணுல விடு. ஈரம் தட்டுச்சுன்னா பூவாளியத் தொடாத. காஞ்சு கெடந்து, எலை லேசாத் தொங்குனா அப்ப ஊத்து, அடித் தொளை வழியா வழிஞ்சு வாரமட்டும். கீழ தட்டு வச்சுத் தேக்கி வைக்காத, வேரு அழுகிரும். கொஞ்சம் தாகத்துல விடு. சாகாது. செத்துருவோமோன்னு நெனைக்கையிலதான் அது மொட்டு எடுக்கும்.

இன்னொரு கூத்து கேளு. பூ பூன்னு நீ ஏங்குதியே, அது பூவே இல்ல. அடுத்த தெருவுல பூத்துக் கெடக்கதுல ஒரு கொத்து பறிச்சு, கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாரு. ரோஸ் நெறத்துல மூணு தாளு இருக்கும். ஒவ்வொரு தாள்லயும் நரம்பு ஓடும். அம்புட்டும் நெறம் மாறுன எலை. அந்த நடுநரம்புல ஒட்டிக்கிட்டு தீக்குச்சி கனத்துல ஒரு கொழலு நீட்டிக்கிட்டு நிக்கும். அதோட வாயி வெள்ளையா, மொளகு அகலத்துக்கு விரிஞ்சிருக்கும். அதாம்லே பூவு.

இந்த வேஷக்காரிக்குப் பொறந்த எடம் தென்னமெரிக்கா. என் பேத்தி படிச்சுக் காட்டுனா. 1766ல புகன்வீல்னு ஒரு பிரான்சுக்காரக் கப்பத்தலைவரு ஒலகஞ் சுத்தக் கெளம்புனாராம். கூடப் போன செடியாராய்ச்சிக்காரரு கொமெர்சோன், 1767ல பிரேசில்ல ரியோ டி ஜெனிரோவுல இந்தக் கொடியப் பாத்து, தலைவரு பேரையே வச்சிட்டாரு. கொமெர்சோனுக்கு ஒத்தாசையா வந்த பையன் இருக்கானே, அவன் பையனே இல்ல. ழான் பாரேங்குத பொம்பள. பொம்பளைக பிரான்சுக் கடற்படைக் கப்பல்ல ஏறக் கூடாதுன்னு சட்டம் இருந்ததால ஆம்பள வேஷத்துல போயிருக்கா. கப்பல்ல ஒலகத்தச் சுத்தி வந்த மொதப் பொம்பளைன்னு இன்னைக்கு அவளச் சொல்லுதாக. எலை பூ வேஷம் போட்டிருக்கு, பொம்பள ஆம்பள வேஷம் போட்டிருக்கா, பேரு மட்டும் கப்பத்தலைவருக்குப் போயிருச்சு. ஒன் செடி பூத்தாலும் நீ கைராசின்னுதான் பீத்திக்கப் போறே. வெயிலு பேர எவன் சொல்லுதான்!

முள்ளையும் கவனி. எலை கம்போட சேருத கக்கத்துலதான் முள்ளு வரும். பூங்கொத்து வாரதும் அதே எடந்தான். அங்ஙன மொளைக்க கொழுந்து முள்ளாவும் போவலாம், பூவாவும் போவலாம். நீ ஊட்டுன ஊட்டுல அது நீளநீளமா ஓடி, பூராவும் முள்ளா வச்சிருக்கு. இது சுத்திப் புடிச்சு ஏறாது. முள்ளக் கொக்கியா மாட்டித்தான் ஏறும். அதனால சணல் கயித்த வச்சு நீதான் லேசாக் கட்டி விடணும். பாரி தேரக் குடுத்தது முல்லைக்கு, தப்பிச்சான். இதுக்குக் குடுத்திருந்தா தேருத்துணி அம்புட்டும் தோரணமாக் கிழிஞ்சிருக்கும்.

அடமழை ஓஞ்சு தை பொறக்கதுக்குள்ள கத்திரிய எடு. மனசக் கல்லாக்கிக்கிட்டு மூணுல ஒரு பங்கு வெட்டு. புதுக் கொழுந்துலதான் பூ வரும். ஒரு தடவ பூத்து உதுந்ததும் நுனியத் திரும்பவும் கிள்ளிவிடு. கொழுந்துல மாவுப்பூச்சி அடைஞ்சா, லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் ரெண்டு சொட்டு சோப்புத் தண்ணியும் கலந்து சாயங்காலமா அடி. ஆஸ்பத்திரிக்கெல்லாம் தூக்கிட்டுப் போவ வேண்டாம்.

வெட்டுன கம்பக் குப்பையில போட்டுராத. பென்சில் கனத்துல, முக்காச் சாண் நீளத்துக்கு நறுக்கி ஈர மணல்ல ஊனி நெழல்ல வச்சா, ரெண்டு மாசத்துல வேரு புடிக்கும். வேரு வந்துட்டான்னு தெனம் புடுங்கிப் பாக்காத, ஒன்ன எனக்குத் தெரியும். புடிச்சதுல நல்லதா இருவது கன்னு எனக்கு எடுத்து வையி. நம்ம தோட்டத்துல கெழக்கு வேலி பல்லிளிச்சுக்கிட்டுக் கெடக்கு. இம்புட்டு நேரம் தொண்டத் தண்ணி வத்த நான் எதுக்குப் பேசுனேன்னு நெனச்சே?