ஒரு நொடித் தனிமம், முப்பது வருடப் பஞ்சாயத்து

தனிம அட்டவணையில் 104ஆம் கட்டத்திலிருந்து படித்துப் பாருங்கள். ரூதர்ஃபோர்டியம், டப்னியம், சீபோர்கியம், போரியம் என்று பரமசாதுவாக உட்கார்ந்திருக்கும் பெயர்கள். இவை அங்கே வந்து சேர்ந்த கதை, கோயில் டியூப்லைட்டில் 'உபயம்' யார் பெயரில் எழுதுவது என்ற தகராறுக்குக் கொஞ்சமும் சளைத்ததல்ல. என்ன, டியூப்லைட் சில மாதமாவது எரியும்.

ஆரம்பத்தில் சண்டைக்கே இடமில்லை. யுரேனியத்துக்கு மேலே பெரும்பாலான தனிமங்களைக் கலிஃபோர்னியாவின் பெர்க்லியைச் சேர்ந்த கிளென் சீபோர்க், ஆல்பர்ட் கியோர்சோ வட்டாரம்தான் செய்தது. 1955இல் 101ஆம் தனிமம். கையிருப்பு சுமார் நூறு கோடி ஐன்ஸ்டீனியம் அணுக்கள். கேட்கத்தான் கோடி, கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அதை சைக்ளோட்ரானில் ஆல்ஃபா துகள்களால் அடித்து, தெறித்து வந்ததைத் தங்கத் தகட்டில் பிடித்து, கியோர்சோ தன் ஃபோக்ஸ்வாகன் காரில் மலைமேல் இருந்த ஆய்வகத்துக்கு விரட்டிக்கொண்டு போவார். அங்கே அளவிடும் கருவியைக் கட்டடத்தின் தீ எச்சரிக்கை மணியோடு இணைத்திருந்தார்கள். ஓர் அணு பிளந்தால் ஊருக்கே கேட்கும்படி ஒரு மணி. கடைசியில் தீயணைப்புத் துறை தலையிட்டு அந்த ஆராய்ச்சிக் கச்சேரியை நிறுத்தியது. மொத்தம் கிடைத்தது 17 அணுக்கள். பனிப்போர் உச்சத்தில் அதற்கு மெண்டலீவ் என்ற ரஷ்யரின் பெயரை வைத்தார்கள். அமெரிக்க அரசின் சம்மதமும் கேட்கவேண்டியிருந்தது. பெருந்தன்மை அத்தோடு சரி.

1957இல் ஸ்டாக்ஹோமில் ஒரு கூட்டுக்குழு 102ஐக் கண்டுபிடித்ததாக அறிவித்து, சூட்டோடு சூடாக நோபிலியம் என்று பெயரும் வைத்துவிட்டது. பெர்க்லி அதே சோதனையைச் செய்து பார்த்தது, ஒன்றும் வரவில்லை. கண்டுபிடிப்பு போய்விட்டது, பெயர் மட்டும் போகவில்லை. அந்தத் தனிமத்தின் குறியீடு 'நோ'. முதல் அறிவிப்பில் மிஞ்சிய ஒரே உண்மை அதுதான் என்று கேலி பேசினார்கள்.

அசல் குடுமிப்பிடி 1964இல் தொடங்கியது. மாஸ்கோவுக்கு வடக்கே டுப்னா நகரில் ஃபிளெரோவ் என்ற விஞ்ஞானியின் குழு, புளூட்டோனியத்தை நியான் அணுக்கருக்களால் அடித்து 104ஐப் பெற்றதாகச் சொன்னது. ஆதாரம், கண்ணாடித் தகடுகளில் அணுப்பிளவு விட்டுப்போன தடங்கள். அரை ஆயுள் சுமார் 0.3 நொடி. பெர்க்லி ஒப்பவில்லை. பிளவுத் தடம் எந்தத் தனிமத்திலிருந்தும் வரலாம். ஆல்ஃபா சிதைவில் என்ன வாரிசு பிறக்கிறது என்று காட்டினால்தான் தாய் யாரென்று தெரியும் என்பது அவர்கள் கட்சி. விஞ்ஞானமாகப் பார்த்தால் நியாயமான வாதம். அதைச் சொன்னவர்களே 1969இல் கலிஃபோர்னியத்தில் கார்பனை மோதி, 'நாங்கள்தான் முதல்' என்று கிளம்பியதால் நியாயம் கொஞ்சம் நிறம் மாறியது.

பிறகென்ன! டுப்னா தன் அணுகுண்டுத் திட்டத் தலைவர் குர்ச்சத்தோவ் பெயரை வைத்தது, பெர்க்லி ரூதர்ஃபோர்டை. சோவியத் பள்ளிப் பையனுக்கு 104 குர்ச்சத்தோவியம், அமெரிக்கப் பையனுக்கு ரூதர்ஃபோர்டியம். 105க்கு அங்கே நீல்ஸ்போரியம், இங்கே ஓட்டோ ஹான் பெயரில் ஹானியம். இரண்டு பக்கத்தையும் பகைக்க விரும்பாத சர்வதேச வேதியியல் சங்கம் 'உன்னில்குவாடியம்', 'உன்னில்பென்டியம்' என்று எண்களையே லத்தீனும் கிரேக்கமும் கலந்து உருட்டித் தற்காலிகப் பெயர் கொடுத்தது. அதை வாய்விட்டுச் சொன்னவர்கள் எத்தனை பேர் என்பது சந்தேகமே.

1985இல் ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். 104, 105 இரண்டிலும் இரு தரப்புக்கும் பங்கு உண்டு என்று அது சொன்னதும் பெர்க்லிக்குக் கோபம் தலைக்கேறியது. 1994இல் 106க்கு சீபோர்கியம் என்று பெயரிட்டது. அப்போது சீபோர்க் உயிரோடு இருந்தார். சங்கம், 'உயிரோடிருப்பவர் பெயர் கூடாது' என்று புதிதாக விதி போட்டு, இருந்த பெயர்களையெல்லாம் கலைத்து அடுக்கியது: 104 டப்னியம், 105 ஜோலியோட்டியம், 106 ரூதர்ஃபோர்டியம், 108 ஹானியம். ரூதர்ஃபோர்டு இரண்டு கட்டம் நகர்ந்தார், ஹான் மூன்று. யாருக்கும் திருப்தியில்லாமல் தீர்ப்பு சொல்வதில் இது தனி சாதனை. ஐன்ஸ்டீன், ஃபெர்மி பெயர்களை அவர்கள் உயிரோடிருந்தபோதே யோசித்து வைத்திருந்தார்கள் என்று அமெரிக்கர்கள் நினைவூட்டினார்கள். அமெரிக்க வேதியியல் கழகம் தன் இஷ்டப்படி பெயர் போட ஆரம்பித்தது.

1997இல் சமாதானம். 104 ரூதர்ஃபோர்டு, 105 டுப்னா, 106 சீபோர்க், 107 நீல்ஸ் போர். 108 ஜெர்மனியின் ஹெஸ்ஸே மாநிலத்துக்கு. 107 முதல் 109 வரை அங்கே டார்ம்ஸ்டாட்டில்தான் தயாரானவை. சீபோர்கியம், லாரன்சியம், பெர்க்கெலியம், கலிஃபோர்னியம், அமெரிசியம் என்று தனிமங்களை மட்டும் எழுதினாலே சீபோர்குக்குத் தபால் போய்ச் சேரும் என்ற வேடிக்கை அன்றிலிருந்து.

இவ்வளவு அமளியில் ஓட்டோ ஹான் மட்டும் வெறுங்கையோடு நின்றார். ஒருமுறை முன்மொழிந்து கைவிட்ட பெயரை மறுபடி எடுப்பதில்லை என்பதால் இனி அவருக்கு வாய்ப்பும் இல்லை. அணுப்பிளவுக்காக 1944ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குத் தனியாகப் போனது. அதே ஆராய்ச்சியில் அவரோடு பல்லாண்டு உழைத்து, நாஜிகளால் நாட்டைவிட்டு ஓட நேர்ந்த லீஸ மைட்னருக்கு ஒன்றுமில்லை. 109ஆம் கட்டத்தைப் பாருங்கள்: மைட்னேரியம். இந்தப் பஞ்சாயத்தில் எல்லோரும் கை தூக்கி ஒத்துக்கொண்ட பெயர் அது.