கழற்ற ஒன்றுமில்லை

தங்க நகை வாங்கினால் ஜிஎஸ்டி 3 சதவீதம். அதே நகையை அடகு வைத்து, அந்தப் பணத்தில் பிள்ளையை நீட் பயிற்சி மையத்தில் சேர்த்தால் 18 சதவீதம். கழுத்தில் ஏறுவதற்கு ஒரு பங்கு. தலையில் ஏறுவதற்கு ஆறு பங்கு. ஏழை வீட்டுப் பிள்ளை டாக்டராவதில் அரசுக்கு எவ்வளவு அக்கறை பாருங்கள்!

பயிற்சியே தேவையில்லையாம். ரிசல்ட் வந்ததும் முதல் ரேங்க் பிள்ளை பேட்டி கொடுக்கிறது: “என்சிஇஆர்டி புத்தகம் போதும். தினமும் எட்டு மணி நேரம் தூங்கினேன்.” பக்கத்தைத் திருப்பினால் பயிற்சி மையத்தின் முழுப்பக்க விளம்பரம். அதிலும் அதே முகம். மறுநாள் இன்னொரு மையத்தின் விளம்பரம். அங்கேயும் அதே முகம். தூங்கியே ஜெயித்த பிள்ளைக்கு எத்தனை வாத்தியார்!

நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். 2025இல் ஓபிசி பிள்ளைக்கு விண்ணப்பக் கட்டணம் 1600 ரூபாய். அந்த ஆண்டு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் ஒரு நாள் கூலி 336. தேர்வு எழுத அனுமதி கேட்கவே அம்மா ஐந்து நாள் மண் வெட்ட வேண்டும். புத்தகம் பழைய புத்தகக் கடையில். முன்பு படித்தவன் பென்சிலால் குறித்த விடைகளை அழித்துவிட்டுப் படிக்க வேண்டும். அவனுக்கு சீட் கிடைத்ததா? கடைக்காரருக்குத் தெரியாது. யூடியூப் பாடம் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான். போன் அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கிறது.

இவ்வளவும் எதற்கு? ‘தகுதி’க்காக. அது என்ன சாமான் என்று பார்த்துவிடுவோம். பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு 35 இல்லாவிட்டால் பெயில். 2025 நீட்டில் பொதுப்பிரிவுக்கு 720க்கு 144 எடுத்தால் தகுதி. அதாவது நூற்றுக்கு 20. மீதி மார்க்கை யார் போடுவது? அப்பாவின் வங்கிக் கணக்கு. ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் கேட்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. 144 எடுத்து அங்கே சேருபவனைவிட அதிகம் எடுத்த கூலிக்காரர் மகள் பி.எஸ்சி. விண்ணப்பம் வாங்கப் போகிறாள். நன்கொடையை ஒழிக்கவே இந்தத் தேர்வு என்றார்கள். ஒழித்துவிட்டார்கள். மேசைக்கடியில் கொடுத்ததை இப்போது ரசீது வாங்கிக் கட்டுகிறார்கள்.

2023இல் முதுநிலை மருத்துவ இடங்கள் காலியாகக் கிடந்தன. உடனே கட்-ஆஃபை பூஜ்ஜியம் பர்சன்டைலுக்கு இறக்கினார்கள். மைனஸ் மார்க் வாங்கியவரும் தகுதியானவர் ஆனார். சீட் காலியாக இருந்தால் தகுதி தரைக்கு இறங்கும். வீடு காலியாக இருந்தால் இறங்காது.

நம் ஊர்த் தலைவர்களையும் விட்டுவிட முடியாது. 2021இல் நீட் விலக்கு மசோதா. 2022இல் ஆளுநர் திருப்பி அனுப்பினார். மறுபடி நிறைவேற்றினார்கள். 2025இல் டெல்லி நிராகரித்தது. அனுப்பியவருக்கு வீரம், தடுத்தவருக்குக் கொள்கை. ஹால் டிக்கெட் மட்டும் பிள்ளைக்கு. உருப்படியாகக் கிடைத்தது அரசுப் பள்ளி மாணவருக்கு 2020இல் வந்த 7.5 சதவீத இட ஒதுக்கீடு. அதை வாங்கவும் நீட் எழுதியாக வேண்டும்.

தேர்வு நாள். முழுக்கை சட்டை கூடாது. ஷூ கூடாது. தோடு, மூக்குத்தி, கொலுசு கூடாது. அவ்வளவு கட்டுக்காவல். 2024இல் வினாத்தாள் மட்டும் ஜார்க்கண்டின் ஹசாரிபாக்கிலிருந்து வெளியே நடந்து போய்விட்டது. அதன் சட்டைக் கையை யாரும் அளந்து பார்க்கவில்லை.

நம் பெண்ணுக்கு இந்த விதிகளால் கஷ்டமில்லை. ரப்பர் செருப்பு. அரைக்கைச் சட்டை. அம்மாவின் தோடும் அவள் தோடும் போன வருஷமே அடகுக் கடைக்குப் போய்விட்டன. காது தூர்ந்துவிடக் கூடாதென்று வேப்பங்குச்சி செருகியிருக்கிறாள்.

வாசலில் டார்ச்சோடு நிற்கும் சோதனை அதிகாரி காதைப் பார்க்கிறார்.

“அது என்ன? அதையும் எடு.”