எஸ் படுத்தும் பாடு

நாரிச்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவன் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன் என்று அவனுக்குக் கோபமாம். "இங்கிலீஷ்ல மொத்தம் எத்தனை டென்ஸ் மாமா?" என்று கேட்டான். அன்றைக்கு மத்தியானம்தான் ஒரு டென்ஸால் என் மானம் போயிருந்தது. வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறானே என்று வைத்துவிட்டேன்.

நடந்தது இதுதான். எங்கள் முதியோர் இல்லத்தில் யார் என்ன சாப்பிட்டார், எத்தனை தரம் எழுந்தார் என்று குறிப்பு எழுதினால்தான் ஷிஃப்ட் முடியும். பதினோராம் அறைத் தாத்தா அன்று காலை ஓட்ஸ் கஞ்சியைத் தள்ளிவிட்டார். நான் 'ஹி ரெஃப்யூசஸ் ஃபுட்' என்று எழுதினேன். 'ரெஃப்யூஸ்டு' என்று எழுதியிருந்தால் ஒரு வேளைக் கஞ்சியோடு போயிருக்கும். 'ரெஃப்யூசஸ்' என்றால் மனுஷன் சாப்பாட்டையே வெறுத்து உட்கார்ந்திருக்கிறார் என்று ஆகிறதாம். எடை பார்க்க ஒருவர் ஓடினார், டாக்டருக்குப் போன் போனது, மகள் லண்டனிலிருந்து பதறினாள். தாத்தா அந்நேரம் மீனும் சிப்ஸும் ஒரு கை பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த எஸ்ஸை ஏன் போட்டேன் என்கிறாயா? பயம்தான். 'ஷி வாக்', 'ஹி வான்ட்' என்று எழுதி எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான். அதனால் பார்த்த இடத்திலெல்லாம் ஒரு எஸ்ஸைத் தூவிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன், நீ எல்லாக் குழம்பிலும் பெருங்காயம் போடுவதுபோல.

நீயே நியாயம் சொல். ஐ ஒர்க், யூ ஒர்க், வீ ஒர்க், தே ஒர்க். எல்லாரும் வெறுங்கையோடு வருகிறார்கள். 'ஹி' வந்தால் மட்டும் ஒரு வால். நமக்கு வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என்று ஆளுக்கொரு வால் இருக்கிறது. அதில் மரியாதையும் இருக்கிறது. இங்கே தொண்ணூற்றொரு வயதுத் தாத்தாவுக்கும் அவர் மடியில் தூங்கும் பூனைக்கும் ஒரே எஸ். சரி, அதாவது ஒரு இடத்தில் நிற்குமா? கேள்வி கேட்டால் ஒர்க்கை விட்டு 'டஸ்' மேல் தாவிவிடும். 'கேன்' வந்தால் ஆளே தலைமறைவு.

இதையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டுத் தலைநிமிர்ந்து நடந்தேன். அப்போது தாத்தாவுக்கு உடற்பயிற்சி சொல்லித்தரும் அம்மாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. 'ஐ ரெக்கமண்ட் தட் ஹி வாக் டெய்லி.' எஸ் இல்லை! வெள்ளைக்காரியே தப்புப் பண்ணிவிட்டாள் என்று ஆனந்தமாகப் பேனாவை எடுத்து 'வாக்'குக்குப் பக்கத்தில் ஒரு எஸ் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். மாலை வகுப்பு டீச்சர் சொன்ன பிறகுதான் தெரிந்தது: ஒன்று நடக்கவேண்டும் என்று பரிந்துரைக்கும்போது எஸ் வராதாம். நம் 'வாழ்க', 'வருக' மாதிரி, ஆள் பார்த்து மாறாத இனம். அந்தக் கடிதம் இன்னும் கோப்பில் இருக்கிறது, என் கையெழுத்தோடு.

இறந்தகாலம் சுலபம், 'ஈடி' சேர்த்தால் போதும் என்று நம் சார் சொன்னாரே, அதையும் கேள். எழுத்தில் ஒன்று, வாயில் மூன்று. 'வாக்ட்' என்பதில் ட் வல்லோசை, 'க்ளீன்ட்' என்பதில் மெல்லோசை, 'வான்ட்டட்' என்பதில் மட்டும் முழுசாக ஒரு அசை. ஊரில் இந்தத் தொல்லை உண்டா? வாக் பண்ணினான், க்ளீன் பண்ணுவான், ரெஃப்யூஸ் பண்ணிட்டார் என்று 'பண்ணு' ஒன்றை வைத்தே குடும்பம் நடத்திவிட்டோம்.

இன்னொரு கூத்து. போன மாதம் மேனேஜர் அம்மா, "ஐ வான்ட்டட் எ வேர்டு வித் யூ" என்றார். பேச வேண்டியிருந்தது, இப்போது வேண்டாம் என்கிறார் என்று நினைத்து "தேங்க்யூ" சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். இறந்தகாலத்தில் சொன்னால் இவர்களுக்கு அது பணிவாம். நாம் 'ங்க' போடுகிற இடத்தில் இவர்கள் காலத்தைப் பின்னால் தள்ளுகிறார்கள்.

இப்போது முக்கியமான சங்கதி. பதினோராம் அறைத் தாத்தா இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர் வாயில் எஸ் வராது! 'ஷி கோ', 'ஹி வான்ட்' என்றுதான் பேசுவார். நான் பேசினால் குற்றம், அவர் பேசினால் வட்டார வழக்கு. டீச்சரிடம் நியாயம் கேட்கப் போனேன், அவர் ஒரு கதை சொன்னார். 1565-இல் இந்த ஊர் நெசவு படுத்துவிட்டதென்று, கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து டச்சுக்காரர், வலோனியர் என்று 30 நெசவுக் குடும்பங்களை அழைத்து வந்திருக்கிறார்கள். பின்னாலேயே ஆயிரக்கணக்கில் அகதிகள். ஊர் அவர்களுக்கு வைத்த பெயர் 'ஸ்ட்ரேஞ்சர்ஸ்', அந்நியர்கள். 'ஹி'க்கு வால் பழைய 'எத்'தா, வடக்கேயிருந்து வந்த புது எஸ்ஸா என்று ஊரே அப்போது தடுமாறிக்கொண்டிருந்த காலம். வந்தவர்கள் இரண்டையும் விட்டுவிட்டு மொட்டையாகப் பேச, அதுவே ஊரில் ஒட்டிக்கொண்டது என்பது பீட்டர் ட்ரட்கில் என்ற மொழியியல் அறிஞரின் கணிப்பு. அவரும் இந்த ஊர்க்காரர்தான். கேட்டதும் எனக்கு மீசை முளைத்த மாதிரி இருந்தது. அந்தக் குடும்பங்கள் கொண்டுவந்த கேனரிக் குருவிதான் இன்றைக்கு ஊர்ப் பந்தாட்டக் குழுவின் சின்னம் என்கிறார்கள். நாம் கொண்டுவந்த ஆவக்காய் ஜாடியை மட்டும் வாடை வருகிறதென்று வராந்தாவில் வைக்கச் சொல்கிறார்கள்.

சின்னவனிடம் சொல்: வடிவத்தை வைத்துப் பார்த்தால் இங்கிலீஷுக்கு இரண்டே காலம்தான், எதிர்காலத்துக்குத் தனி உருவமே இல்லை, 'வில்'லைக் கடன் வாங்கித்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் பரீட்சையில் 12 என்றே எழுதட்டும். மார்க் போடுகிறவர் அங்கே இருக்கிறார்.

அம்மாவின் முட்டிவலி எப்படி இருக்கிறது? 'வலிச்சுது' என்கிறாளா, 'வலிக்குது' என்கிறாளா? மறைக்காமல் எழுது.

தாத்தா இன்றைக்கும் கஞ்சி வேண்டாம் என்றுவிட்டார். தொடர்ந்து மூன்றாவது நாள். ஷிஃப்ட் முடிந்து இருபது நிமிஷமாகிறது, எந்தக் காலத்தில் எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் தம்பி