கீழ்த்தாடையின் குற்றமும் கடைசிப் பல்லின் தண்டனையும்

கீழ்வரிசை ஞானப்பல்லைப் பிடுங்குவதற்கு அதன் துர்க்குணமே காரணம் என்பது பொதுஜன அபிப்பிராயம். சான்றுகளைப் புரட்டினால் பல் நிரபராதி என்றும், நடப்பது சுத்தமான இடத்தகராறு என்றும் தெரியவரும். 9 வயதுவாக்கில் எலும்புக்குள் உருவாகத் தொடங்கும் இந்த வாரிசு, 17-க்கு மேல் 25-க்குள் தலைகாட்டும்போது முன்னால் இரண்டாம் கடைவாய்ப்பல் சட்டமாக உட்கார்ந்திருக்கிறது. பின்னால் காதை நோக்கி ஏறும் தாடையெலும்பு சுவராக நிற்கிறது. மேல்தாடையில் அப்படியொரு சுவர் இல்லை, எலும்பும் அத்தனை கெட்டியில்லை. ஆகவே கீழ்ப்பல்தான் பெரும்பாலும் முன்பக்கம் சாய்ந்து அண்டைப் பல்லில் முட்டிக்கொள்கிறது. பாதி முளைத்த பல்லின் மேல் ஈறின் ஒரு மடல் கவிந்திருக்கும். அதனடியில் முறுக்குத் துணுக்கு ஒன்று புகுந்தால் பிரஷ் எட்டாது, நாக்கு துழாவியும் பயனில்லை. ஈறு வீங்கி, சீழ் கோத்து, இட்லியை விண்டு உள்ளே தள்ளக்கூட வாய் திறக்காது. போதாக்குறைக்கு அண்டைப் பல்லின் பின்பக்கமும் சொத்தையாகும்.

பரிணாமத்தில் காலாவதியான பல்தானே, போகட்டும் என்பார்கள் டார்வின் கட்சியினர். ஆனால் அந்தப் பல் தேய்ந்து வருவதாக 1871-இல் எழுதிய டார்வினே, சமைத்த மெத்தென்ற உணவைத் தின்று மனிதன் தாடையைக் குறைவாகப் பயன்படுத்துவதைத்தான் காரணமாக ஊகித்தார். மென்தீனி கொடுத்து வளர்த்த விலங்குகளின் தாடை சிறுத்ததைப் பிற்காலச் சோதனைகளும் காட்டின. அதாவது, எதிர்த்தரப்பு சாட்சியே நம் பக்கம். ஞானப்பல் முன்பற்களை நெருக்கிக் கோணலாக்குகிறது என்ற உபபுகாரும் ஆய்வுகளில் நிரூபணமாகவில்லை.

வலி வருமுன் பிடுங்கிவிட்டால் என்ன என்பது வலுவான ஆட்சேபம். வலிக்காத பல்லைப் பிடுங்கிக்கொள்கிறவருக்கும் ரணமும் வீக்கமும் உண்டு. கீழுதட்டுக்கு உணர்வு தரும் நரம்பு வேருக்கு வெகு அருகில் ஓடுவதால் உதடு மரத்துப்போகும் அபாயமும் உண்டு. அதனால்தான் பிரிட்டனின் 'நைஸ்' என்ற மருத்துவ வழிகாட்டு அமைப்பு, நோயில்லாமல் புதைந்து கிடக்கும் ஞானப்பல்லை முன்கூட்டியே பிடுங்கும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி 2000-இல் அறிவுறுத்தியது. சரி, ஈறு மடலை மட்டும் வெட்டினால்? அது பலருக்குத் திரும்ப வளர்ந்துவிடுகிறது. தொல்லை தொடர்ந்தால் பல்தான் வெளியேற வேண்டும், ஏனென்றால் தாடையைக் காலிசெய்யச் சொல்ல முடியாது. வேர் நரம்பையே ஒட்டிக் கிடந்தால் மட்டும் சில மருத்துவர்கள் தலைப்பகுதியைச் சீவிவிட்டு வேரை அங்கேயே விட்டுவைக்கிறார்கள். இத்தனை வியாஜ்யத்தில் பல்லின் தரப்புக்குப் பட்டா கிடைப்பது அந்த ஒரு வகையில்தான்.